கோட்டைத் தொட்ட பந்து

டேராடூன்

அன்புள்ள நைனாவுக்கு, ஷாலினி வணக்கத்தோடு எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி குறைந்ததா? மலைக்கோயிலுக்குப் போனால் படியேறாதீர்கள், பஸ்ஸில் போங்கள்.

இங்கே சின்னதாக ஒரு தகராறு. பள்ளி டென்னிஸ் போட்டியில் நடுவர் கிடையாது. தன் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆடுகிறவரே சொல்ல வேண்டும். கோட்டைத் தொட்ட கடைசிப் பந்தை, என் மாணவி உள்ளே என்று உண்மையைச் சொல்லித் தோற்றாள். "இதைத்தான் சொல்லிக்கொடுத்தாயா?" என்று அவள் அப்பா என்மேல் பாய்ந்தார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், தலைமையாசிரியர் சொல்கிறார்! கல்லூரி அணியில் ஆடிய நான், தலை நரைக்கும்வரை பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதானே? ஆத்திரத்தில் நம்மூர்ப் பேச்சே வந்துவிட்டது. "எவனுக்கோசரமும் கோடு நகராதுடா!" ஒருவருக்கும் புரியவில்லை.

"பந்து அடிச்சிகினு இருக்கறதெல்லாம் ஒரு வேலையாம்மா?" என்று நீங்களும் இனிமேல் கேட்காதீர்கள்.

மோர்மிளகாய் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள், நைனா.

கதவைத் தட்டுகிறார்கள். தாளின் தலையில் பள்ளிப் பெயரைப் பார்த்துப் பதறாதீர்கள். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லித் தலைமையாசிரியர் கொடுத்த தாள் இது. உங்களுக்கு எழுதிவிட்டேன்.

உங்கள் மகள்,
ஷாலினி