வாசலில் ஒட்டாத டைல்

பிப்ரவரி 11

அன்புள்ள அம்மாவுக்கு,

குருவி எழுதுவது. நானும் சித்தியும் நலம். உன் முட்டி வலி இப்போது தேவலையா?

போனில் நான் பேசவே இல்லை என்று வருத்தப்பட்டாயாம். நான் என்னம்மா செய்வேன்? இங்கே சித்தி பக்கத்தில் நின்றுகொண்டு, "பேசித் தொலையேன்டி, வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?" என்கிறாள். அங்கே நீ வேலை செய்கிற வீட்டுப் பாப்பா உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நீயும் "இதோ வரேன்டா கண்ணு" என்கிறாய். அந்தக் கண்ணு நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கடிதத்தில் யாரும் குறுக்கே வர மாட்டார்கள். அதனால் உன் ஊருக்குப் பஸ் ஓட்டுகிற டிரைவர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த வீட்டுத் தரையில் முகம் தெரியும், பாப்பா அதில் உட்கார்ந்துதான் உன்னிடம் தலை பின்னிக்கொள்வாள் என்று எழுதியிருந்தாய். சித்திக்குப் படித்துக் காட்டும்போது தலை பின்னுகிற வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

நம் வீட்டிலும் அதே மாதிரி போர்சலின் டைல்ஸ் போடப்போகிறோம். ஜூனில் நீ வரும்போது தயாராக இருக்கும். பள்ளிக்கூடத்தை விட்டுச் சித்தியோடு டைல்ஸ் போடுகிற வேலைக்குப் போனதிலிருந்து கலவை குழைத்தேன், கறை துடைத்தேன், அவ்வளவுதான். இந்தத் தரையை நான்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். "அடேங்கப்பா, குருவிக்குக் கொம்பு முளைச்சிடுச்சு" என்றாள் சித்தி.

உன் மகள்,
குருவி

ஒன்று கேட்க மறந்தேன். அவளுக்கு ஒற்றைப் பின்னலா, இரட்டைப் பின்னலா?


மார்ச் 2

என் செல்லக் குருவிக்கு,

ஒற்றைப் பின்னல்தான். உன் முடியில் பாதிகூடக் கிடையாது. போதுமா?

அந்தப் பிள்ளைமேல் கோபப்படாதே கண்ணு. அவளும் பாவம். பெற்றவள் வேலை முடிந்து வருவதற்குள் இவள் தூங்கிவிடுகிறாள். நான் தலை பின்னும்போது, "உங்க பொண்ணுக்கும் இப்படித்தான் பின்னுவீங்களா?" என்று கேட்பாள். உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

நீ தரை போடுவதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. டைல் கனமாக இருக்குமாமே, விரலை நசுக்கிக்கொள்ளாதே. சித்தி அவசரக்காரி. அவள் சொல்வதையெல்லாம் அப்படியே கேட்காதே.

அன்புடன்,
அம்மா


மார்ச் 29

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொன்னது சரியாகப் போயிற்று. எப்போதும் போடுகிற டைலை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போடுவோம். அது தண்ணீரைக் குடித்தால்தான் சிமெண்டைப் பிடிக்கும். சித்தி இதையும் தொட்டியில் இறக்கினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. "என்னடி இது, விரதமா இருக்கு?" என்றாள். அதையே சிமெண்டு வைத்துப் போட்டோம். ஒரு வரிசை முடித்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தோம். மறுநாள் காலையில் ஒன்றைத் தூக்கினேன், தட்டைத் தூக்குகிற மாதிரி கையோடு வந்தது. பிறகு கடைக்காரர்தான், இது தண்ணீர் குடிக்காது, இதற்கென்று பசை இருக்கிறது என்றார். சித்தி பசை மூட்டையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போனாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

இப்போது நானே போடுகிறேன். டைலின் முதுகில் வெள்ளையாகப் பொடி இருக்கும், அதை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பல் வைத்த கரண்டியால் பசையை வரி வரியாக இழுக்க வேண்டும். வைத்து, அழுத்தி, ரப்பர் சுத்தியால் தட்டினால் 'தம்' என்று கேட்கும். உள்ளே காற்று இருந்தால் 'டொக்' என்று காட்டிக்கொடுத்துவிடும். என் முதல் டைலுக்குச் சித்தி காதை வைத்துக் கேட்டாள். "தம்முனு இருக்குடி!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

முழு டைல் கண்ணில் படுகிற இடத்தில் வரும். வெட்டின துண்டெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். எனக்கு ஏனோ அந்தத் துண்டுகளைத்தான் இன்னும் கவனமாக ஒட்டத் தோன்றியது.

பின்னாலேயே நகர்ந்து வந்து வாசலில் வேலை முடிந்தது. அங்கே ஒரே ஒரு டைல் பாக்கி. அதை நீ வந்து உன் கையால் வைக்க வேண்டும். பாப்பா வீட்டுத் தரையை நீ துடைக்கத்தான் முடியும். இதை நீ போடலாம்.

குருவி


ஏப்ரல் 24

என் கண்ணுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பாப்பா அந்தத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டாள். தொடை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும். பாப்பாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ஜூனில் வர முடியாது. வருஷக் கடைசியில் பார்க்கலாம் என்கிறார்கள்.

வாசலில் குழி வைக்காதே. யாராவது தடுக்கி விழுவார்கள். அந்த டைலை நீயே ஒட்டிவிடு.

நீ முதல் டைல் வைத்ததைப் படித்தபோது எனக்கு என்னவோ வயிறு எரிந்தது. உன்னைக் கட்டிக்கொண்டவள் என் கூடப்பிறந்தவள்தான். இருந்தாலும் அந்த 'தம்'மைக் கேட்க வேண்டிய காது என்னுடையது. இதைச் சித்தியிடம் சொல்லாதே.

அம்மா


மே 15

அம்மாவுக்கு,

வழுக்கியது அவள், விழுந்தது நானா? இதை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு நொடி, நன்றாக வேண்டும் அவளுக்கு என்று நினைத்தேன். உடனே பயமாகப் போய்விட்டது. அந்தத் தரையை ஈரத்துணியால் துடைத்தபின் காய்ந்த துணியாலும் துடை. நீயும் விழுந்து தொலைக்காதே.

உனக்கு வயிறு எரிந்த வரியைப் பல தடவை படித்தேன். எனக்கு மட்டும்தான் அப்படி என்று இருந்தேன். சித்திக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியையும் விட்டுவிட்டேன்.

நீ சொன்னபடி குழியை மூடிவிட்டேன். ஆனால் ஒட்டவில்லை. மணலைச் சமமாகப் பரப்பி டைலைச் சும்மா வைத்திருக்கிறேன். யாரும் தடுக்கி விழவில்லை. மிதித்தால்தான் 'டொக்' என்கிறது. "டைல்ஸ் போடுறவ வீட்டு வாசல்ல இந்தச் சத்தமா? நாலு பேரு சிரிப்பாங்க, ஒட்டித் தொலைடி" என்று சித்தி தினமும் திட்டுகிறாள். சிரிக்கட்டும்.

சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். சித்தியாக இருக்கும். இல்லாவிட்டால் டிரைவர் அண்ணன்.

நீ வந்து மிதித்த பிறகுதான் ஒட்டுவேன். மீதிப் பசையை இறுக்கிக் கட்டி மேலே வைத்திருக்கிறேன். ரொம்ப நாள் வைத்தால் கட்டியாகிவிடும் என்று மூட்டையில் அச்சடித்திருக்கிறது.

உன் குருவி