மறுப்பு அல்ல, வாய்தா

அன்பு மனைவிக்கு,

உன் உடல்நலத்தையும் அத்தையின் முழங்கால் வலியையும் முதலில் விசாரிக்கிறேன். நான் நலம், இதில் மிகை ஏதுமில்லை.

சட்டம் படித்துவிட்டு மென்பொருள் எழுத வந்த எனக்கு, பேச்சைப் புரிந்துகொள்ளும் செயலிக்குத் தமிழ் பழக்கும் வேலை தந்திருப்பதை முன்பே சொன்னேன். நேற்று ஒலிப்பதிவுகளைச் சோதிக்கையில் ஒரு பெண்குரல், "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்" என்றது. "இதோ வந்துட்டேம்மா" என்று எழுந்து கதவுவரை போய்விட்டேன். அறையே சிரித்தது; நானும் சிரித்தேன்.

அடுத்ததை நிதானமாகப் படி. என் தகுதிகாண் பருவத்தை மேலும் ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். வேலை உறுதியாகும்வரை உன்னை இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள அனுமதி கிடைக்காது. இது மறுப்பு அல்ல, வாய்தா மட்டுமே. "வக்கீலுக்குக் கழுத்த நீட்டினா குடும்பமும் வாய்தாலதான் ஓடும்" என்று நீ சொல்லக்கூடும். சொல், கேட்டுக்கொள்கிறேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பிவை. தொலைபேசியில் பேசும்போது மின்விசிறியை நிறுத்தாதே. அந்தச் சத்தமும் கேட்கட்டும்.

கூட்டத்துக்கு அழைக்கிறார்கள். பயணத்துக்கென்று நீ கட்டிவைத்த பெட்டியைத் திறந்து துணிகளை ஒருமுறை வெயிலில் காட்டு. அவற்றைத் திரும்ப அலமாரியில் மட்டும் அடுக்கிவிடாதே.

உன் கணவன்