சுத்தமான கிணறு

நவம்பர் 12, புதன்

எங்கள் சாயப்பட்டறைக் கிணற்றில் பாசியே இல்லை என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருப்பேன். பாசி ஒட்டினால் அலசும் பட்டு நூல் கெட்டுவிடும். அதற்காக மூன்று வருடம் முன்பு, கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் நான்கை வண்ணமீன் கடையில் வாங்கி வந்து நானே விட்டேன்.

இன்று காலை மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. மெக்கானிக் ஏழுமலை கிணற்றில் இறங்கியவர் பாதியிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, செவுரு நகர்ந்துகினு கீதுக்கா."

டார்ச் அடித்தேன். தண்ணீருக்குள் கல்லே தெரியவில்லை. முள் முதுகோடு கறுப்பு மீன்கள் ஒன்றையொன்று நெருக்கி ஒட்டியிருந்தன. கிணற்றில் எப்போதும் துள்ளும் கெண்டைகளில் ஒன்றுகூட இல்லை.

ஏழுமலை ஒரு மீனைப் பிடித்துத் துவைக்கும் கல்லில் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் அதை அப்புறப்படுத்தப் போனேன். மரப்பட்டை மாதிரி காய்ந்து கிடந்தது. தொட்டதும் கண் உள்ளே உருண்டு, திரும்பி வந்து, என்னைப் பார்த்தது.

உடனே போளூரிலிருக்கும் தங்கைக்கு ஃபோன் செய்தேன். போன வருடம் அவளுக்கும் ஒரு வாளி மீன்குஞ்சு கொடுத்திருந்தேன்.

"தண்ணி கண்ணாடி மாதிரி கீதுக்கா! எங்க தெருவுல எல்லாக் கிணத்துக்கும் குஞ்சு குடுத்துட்டேன். ஏரில விடவும் கேட்டுகினு கீறாங்க."

வேண்டாம் என்று கத்தினேன். "நீதானக்கா குடுத்த?" என்று சிரித்தாள்.

எட்டு மணியிலிருந்து நல்ல மழை. கிணற்றுப் பக்கம் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. எத்தனை மழைக்காலமாகக் கத்தவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை.