இரண்டு கோர், ஒரு நாற்காலி

மார்ச் 3
பத்திரிகையின் பக்க வடிவமைப்பு அறைக்குப் புதுக் கணினி வந்துவிட்டது. ஒன்றே ஒன்று. பழைய இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மேலாளர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "டூயல் கோர். உள்ள ரெண்டு மூளை. அப்புறம் எதுக்கு ரெண்டு ஆளு? இந்த மாசம் மாத்தி மாத்தி உக்காருங்க. யாரு தேறுறீங்கன்னு பாக்கறேன்."

ரெண்டு மூளையாம். இந்த ஆளுக்கு ஒன்றே அதிகம்.

மற்ற ஆள், பூதக்கண்ணாடி. பெயர் நான் வைத்தது. அச்சுக்குப் போகுமுன் இருவரும் பக்கங்களை மாற்றிக்கொண்டு படிப்போம். என் பக்கத்தில் ஒரு தப்புக் கிடைத்தால் போதும், கூடத்துக்கே கேட்கும்படி வாசிப்பாள். நான் மட்டும் விடுவேனா? அவள் தப்பைத் தேடித்தான் எனக்குக் கண்ணாடியின் பவர் ஏறியது.

மார்ச் 5
"பாத்துத் தொடுங்க சார், கடிச்சிடப் போவுது" என்றாள். விசைப்பலகையை இன்னும் பலமாகத் தட்டினேன்.

மார்ச் 9
ஏமாற்று வேலை. பக்கம் பழைய வேகத்தில்தான் நகர்கிறது. இரண்டு மூளை எங்கே போயின?

கணினி பழுது பார்ப்பவரைப் பிடித்தேன். சிரித்தார். "ஒரே வீட்ல ரெண்டு ஓரகத்தி சமைக்கிற மாதிரிங்க. ஆளுக்கொரு அடுப்பு. ஒரே ஒரு குழம்பக் குடுத்தா ஒருத்திதான் கிண்டுவா, இன்னொருத்தி வேடிக்கை பாப்பா. ரெண்டு வேலையாக் குடுங்க. ஆனா அலமாரி ஒண்ணுதான், ஒருத்தி சாமான் எடுக்கறப்ப மத்தவ கொஞ்சம் நிக்கணும்."

திரையில் இரண்டு கட்டங்களைத் திறந்து காட்டினார், கோருக்கு ஒன்று. எங்கள் பக்க மென்பொருள் ஓடும்போது ஒன்றில் கோடு துள்ளியது. மற்றதில் படுத்துக் கிடந்தது.

மார்ச் 10
பிடிபட்டுவிட்டது!

பழைய கணினியில் படங்களை அச்சுக்கு ஏற்றபடி மாற்றப் போட்டால் சுட்டி உறைந்துவிடும். அது முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருவோம். இதில் அப்படியில்லை. படங்கள் பாட்டுக்கு மாறட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தேன். சுட்டி வெண்ணெயாக வழுக்கியது. இரண்டு கோடும் துள்ளின. ஒரு வேலை இரண்டு மடங்கு வேகமாகாது. ஒன்றுக்காக மற்றது காத்திருக்க வேண்டாம். அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 12
பூதக்கண்ணாடி இன்னும் படங்களைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்கிறாள். மேலாளர் அவள் பின்னால் நின்று பார்த்தார்.

சொல்வதா? எதற்கு? இத்தனை வருஷம் என்னைக் கூடத்தில் வைத்துக் கிழித்தாளே— கட்டிக்கட்டும்.

மார்ச் 27
அவளை நிறுத்திவிட்டார்கள். இழுப்பறையைக் காலி செய்துகொண்டே கேட்டாள். "படம் மாறுறப்பவே அடுத்த வேலையப் பாக்கலாம்னு அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டீங்கல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா?"

கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்."

அவளுடைய நாற்காலியைக் கணக்குப் பிரிவுக்கு எடுத்துப் போனார்கள்.

ஏப்ரல் 2
எல்லாப் பக்கமும் நானே. மாலைக்குள் முடித்தேன். மேலாளர் தோளில் தட்டினார். தோளைக் கழுவ வேண்டும்.

ஏப்ரல் 8
போச்சு. நூலகம் திறந்துவைத்த பெரியவர் படத்தின் கீழே 'பூட்டை உடைத்தவர் கைது' என்று அச்சாகியிருக்கிறது. நான் வைத்த வரிதான். நானே படித்தேன், நானே சரி என்றேன். பெரியவர் மகனோடு வந்து சத்தம் போட்டார். மேலாளர், "இன்னொரு தப்பு வந்துச்சு, நீங்களும் கெளம்பிடுங்க" என்றார்.

"படிச்சுப் பாக்க இன்னொரு ஆளு வேணும் சார்."

"ரெண்டு கோர் இருக்கே?"



ஏப்ரல் 9
காலையில் பூதக்கண்ணாடி ஃபோன் செய்தாள்.

"நேத்து பேப்பர் பாத்தேன் சார். நூலகம் பிரமாதம்."

"சிரிச்சு முடிச்சாச்சா?"

"அஞ்சாம் பக்கத்துல இன்னொண்ணு இருக்கு. இதவிடப் பெருசு. இன்னும் யாரு கண்ணுலயும் படல போல."

"எங்க?"

"நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?"

வைத்துவிட்டாள்.

ஐந்தாம் பக்கத்தை மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்பப் படித்தாகிவிட்டது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.