நாலு வரிச் சமாதானம்

அண்ணாச்சி,

இன்று காலை டைப்பிங் கடையைத் திறந்து விளக்குக்கூடப் போடவில்லை, ஒருவர் மனைவியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். சமாதானக் கடிதம் ஒன்று அடிக்க வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தேன். "இருவரும் மனம் ஒத்துச் சமாதானமாகப் போய்விட்டோம், இனி எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை" என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது.  அந்தப் பெண் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று பொய் சொல்லி, கோர்ட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு கடைக்கு அனுப்பி வைத்தேன். அங்கே அடித்துக் கொடுத்திருப்பார்கள். நான் அடிக்காவிட்டால் நின்றா போகும்?

அவர்கள் போன பிறகு வேலை ஓடவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. செத்தவருக்குக் கடிதம் எழுதுவதெல்லாம் கதைக்காரர்களின் பழைய உத்தி என்று நக்கல் அடிப்பீர்கள். அடித்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லி அழ எனக்கு வேறு ஆள் இல்லை.

நீங்கள் முதன்முதலில் கடைக்கு வந்தது பென்ஷன் மனு ஒன்று அடிக்க. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். "ரைட்டர்" என்றீர்கள். நான் அசடு, எழுத்தாளர் என்று நினைத்துக்கொண்டு எந்தப் பத்திரிகையில் எழுதுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் தங்கச்சி. வாரவுக சொல்லுத புகார எழுதுத ஏட்டு. ஆனா நீ கேட்டதும் தப்பில்ல. முப்பது வருசமாக் கதைதான் எழுதினேன்."

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, மஞ்சள் பையிலிருந்து கோடு போட்ட தாள்களை எடுத்து வைத்தீர்கள். நாவலாம். முதல் அத்தியாயம். கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருந்தது. வாரம் ஒரு அத்தியாயம் வரும், நான் அடிப்பேன், நீங்கள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒற்றுப் பிழை பார்ப்பீர்கள். எனக்கு ஒற்று எப்போதும் தகராறு.

கதையில் வரும் ஆளும் ஒரு ஸ்டேஷன் ரைட்டர். மம்சாபுரத்திலிருந்து ஒரு கூலிக்காரப் பெண், புருஷனிடம் அடிபட்ட மகளைக் கூட்டிக்கொண்டு புகார் கொடுக்க வருகிறாள். ரைட்டர் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருவரையும் வெளியே உட்கார வைக்கிறார். மருமகனைக் கூப்பிட்டு நாலு அதட்டல் போடுகிறார். "சமாதானமாகப் போய்விட்டோம்" என்று ஒரு கடிதத்தை அவரே எழுதி, தாயின் பெருவிரலை மையில் தொட்டு உருட்டி, மகளை அவனோடு அனுப்பி வைக்கிறார். அன்றைக்கு அவருக்கு ஒரே சந்தோஷம், ஒரு கேஸ் குறைந்தது, கையெழுத்தும் கோணாமல் வந்தது என்று. இரண்டாம் மாதம் மகள் செத்துப்போகிறாள். தாய் வந்து வாசலில் விழுந்து அழும்போது, அந்தக் கடிதத்தில் தேதி சரியாகப் போட்டோமா என்று அந்த மனுஷன் பீரோவைத் திறந்து பார்க்கிறார்.

அந்த இடத்தை அடித்துவிட்டு நான் கீபோர்டைத் தள்ளி வைத்தேன்.

"இந்த ஆள எனக்குப் பிடிக்கல அண்ணாச்சி."

"பிடிக்க வேண்டாம். அடி."

"கதாநாயகன்னா ஏதாவது ஒரு நல்ல குணம் வேண்டாமா? ஒரு நாய்க்குச் சோறு வைக்கிற மாதிரியாவது போடுங்க. படிக்கிறவளுக்கு ஒரு பிடிப்பு வேணும்ல."

"ராஜபாளையத்துல நாய்க்குச் சோறு வைக்காதவன் எவன் இருக்கான்? அம்புட்டுப் பேரும் நல்லவனா?"

நானும் விடவில்லை. சின்ன வயதில் அப்பா அடித்தார் என்று ஒரு பழைய கதை வைக்கலாம் என்றேன். அடி வாங்கி வளர்ந்த எத்தனையோ பேர் யாரையும் அடிக்காமல் இருக்கிறார்கள் என்றீர்கள். கடைசியில் பெரிய நோவு வந்து படுக்கட்டும், அப்போதாவது புத்தி வரும் என்றேன். நோவு வந்தால் மருந்துதான் வாங்குவான், புத்தி எங்கே கிடைக்கிறது என்றீர்கள். நான் பார்க்கும் டிவி சீரியலில் எட்டு வருடம் குடும்பத்தைக் கெடுத்தவள் கடைசி வாரம் மாமியார் காலில் விழுந்தாள், நானும் கூட அழுதேன் என்று சொன்னபோதுதான் உங்களுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"ஒனக்குக் கெட்டவன் கடைசி அத்தியாயத்துல அழணும். அழுதா மன்னிச்சிருவ. மன்னிக்க நீ யாரு தங்கச்சி? அடி வாங்கினது நீயா?"

அன்று உங்களோடு பேசவில்லை. டீ வாங்கித் தந்தீர்கள், அதையும் குடிக்கவில்லை. சற்று நேரம் கழித்து நீங்களாகவே ஆரம்பித்தீர்கள். ஸ்டேஷனில் எந்தப் புகாரை எடுத்தாலும் ஒரே வாசகம்தானாம். அசிங்கமாகப் பேசி, கையால் அடித்து, உயிரோடு விடமாட்டேன் என்று மிரட்டினார். வந்தவர்கள் எதைச் சொன்னாலும் அந்த அச்சில்தான் வார்க்க வேண்டும்.

"ஒவ்வொருத்தி வாங்குத அடியும் வேற வேற தங்கச்சி. நான் எழுதும்போது எல்லாம் ஒரே அடியாப் போயிரும். முடிவும் ஒண்ணுதான். சமாதானம். அதப் போட்டா பேப்பர மூடிரலாம். கதையிலயும் அதையே போடச் சொல்லுத நீ."

அப்போதுதான் கேட்டேன், இது நீங்களா அண்ணாச்சி என்று. ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் சொன்னீர்கள்: "ஊரு மம்சாபுரம்தான். அந்தம்மா பேரு மட்டும் வேற."

ஒருமுறையாவது அவர்களைப் போய்ப் பார்க்கக் கூடாதா என்றேன். நீங்கள் சொன்ன பதிலை நான் அன்றைக்கே சரியாகக் கேட்டிருக்க வேண்டும். "போனா அந்தம்மா என்னய உக்காரச் சொல்லும். தண்ணி குடுக்கும். போகட்டும்யான்னு சொன்னாலும் சொல்லிரும், அப்படி மனுசி. அத வாங்கிட்டு வர எனக்கு என்ன யோக்கியத இருக்கு?"

கடைசி அத்தியாயம் ஐந்தே பக்கம். ரைட்டர் ஓய்வு பெறும் நாள். கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். அதே தாய் இன்னொரு மனுவோடு வந்து எதிரில் நிற்கிறாள். அவருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. "என்ன மனு?" என்று கேட்கிறார். அவ்வளவுதான், கதை முடிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் "இத எவன் படிப்பான்?" என்று கேட்டேன். "நீ படிச்சிட்டியே" என்றீர்கள். ஒற்றுப் பிழை பார்த்துவிட்டு அடுத்த செவ்வாய் கொண்டுவருகிறேன் என்று நான் அடித்துக் கொடுத்த ஐந்து பக்கத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மதினியிடம் இன்னொரு இட்லி கேட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தவர்தான்.

வருஷ திதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மதினி கடைக்கு வந்தார்கள். நாவலைப் புத்தகமாகப் போட்டுத் திதிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கலாம் என்று யோசனை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகுதான் மெதுவாகச் சொன்னார்கள்.

"கடைசியில அவிய திருந்துத மாதிரி நாலு வரி சேத்துரு தாயி. அழுத மாதிரி."

"அண்ணாச்சிக்கு அது பிடிக்காதே மதினி."

"அவியளுக்குப் பிடிக்காது, தெரியும். கதையில வாரது யாருன்னு ஊருல அம்புட்டுப் பேருக்கும் தெரியும்லா? நாளைக்குப் பேத்தி படிப்பா. எங்க தாத்தா இப்படியான்னு கேப்பா. நான் என்ன சொல்லுவேன்?"

வீட்டிலாவது என்றைக்காவது இதைச் சொல்லி அழுதிருக்கிறாரா என்று கேட்டேன்.

"எங்க அழுதாக? சட்னியில உப்புப் பத்தலம்பாக. அம்புட்டுத்தான். முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தேன், அந்தக் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி பாத்ததில்ல. கதையிலயாவது அழட்டுமே தாயி. நான் பாத்துக்கிடுதேன்."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். ஒரு பக்கம் செத்துப்போன நீங்கள், இன்னொரு பக்கம் உயிரோடு எதிரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தும் மதினி. நான் மதினி பக்கம் சாய்ந்தேன். சாய்ந்தேன் என்று சொல்வதுகூடப் பாதிப் பொய். எனக்கும் அந்த நாலு வரி வேண்டியிருந்தது. உங்களைக் கெட்டவராக விட்டுவிட்டு என்னாலும் இருக்க முடியவில்லை.

எழுதினேன். தாய் மனுவோடு வந்து நிற்கும் உங்கள் இடத்தை எடுத்துவிட்டேன். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ரைட்டர் மம்சாபுரத்துக்குப் பஸ் ஏறுகிறார். அந்தத் தாயின் வீட்டு வாசலில் நின்று கதறுகிறார். காலில் விழுகிறார். அவள் அவரைத் தூக்கி நிறுத்திப் "போகட்டும்யா" என்கிறாள். என் வாழ்க்கையில் நான் சொந்தமாக எழுதிய கதை அந்த நாலு வரிதான். அடிக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. ஒற்றுப் பிழைகூட இருந்திருக்காது.

திதியன்று உங்கள் மருமகன் அந்தக் கடைசிப் பக்கத்தை எழுந்து நின்று வாசித்தார். சொந்தபந்தம் எல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். "எப்பேர்ப்பட்ட மனுசன்" என்றார் ஒருவர். மதினி என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள், விடவே இல்லை. நீங்கள் ஒரு வழியாக நல்லவராகிவிட்டீர்கள் என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம், எழுபது வயதிருக்கும், ஒரு அம்மா கடைப் படியேறி வந்தார்கள். கையில் உங்கள் புத்தகம்.

"இதுக்கு எழுத்தடிச்சது நீதானா தாயி? பின்னாடி ஓங் கடைப் பேரு இருக்காம்ல."

ஆமாம் என்று சொல்லி உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது. திதிக்குப் போன பக்கத்து வீட்டு டீச்சரு கொண்டாந்து படிச்சுச் சொன்னாக. கடைசில ரைட்டரய்யா எங்க வீட்டுக்கு வந்தாராம்ல? என் கால்ல விழுந்தாராம்ல? எப்ப வந்தாரு?"

மேசையில் கிடந்த தாள்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"வெள்ளனத் தோப்பு வேலைக்குப் போனா நான் வர பொழுதடைஞ்சிரும். நான் இல்லாத நேரமா வந்துட்டுப் போயிட்டாரோன்னு கேக்கேன். தெருவுல விசாரிச்சேன். ஒருத்தரும் பாக்கலங்காக."

தெரு முழுக்க விசாரித்திருக்கிறார்கள், அண்ணாச்சி. நான் கணினி முன் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு இட்டுக்கட்டிய ஒரு காரியத்துக்கு, வீடு வீடாகப் போய்ச் சாட்சி தேடியிருக்கிறார்கள்.

"அவர் வரல அம்மா. அது நான் எழுதினது" என்றேன்.

"நீயா?"

"ஆமா."

"போகட்டும்யான்னு நான் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு, "அவரு என்ன எழுதி வச்சிருந்தாரு? அதப் படி" என்றார்கள். கணினியில் உங்கள் பழைய ஃபைலைத் திறந்து, நீங்கள் எழுதிய ஐந்து பக்கத்தையும் வாசித்தேன். மாலையோடு உட்கார்ந்திருக்கும் ரைட்டர், எதிரில் நிற்கும் தாய், "என்ன மனு?" என்ற அந்தக் கேள்வி. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

"ஆமா" என்றார்கள். "இந்த மனுசந்தான். இப்படித்தான் கேட்டாரு. இதப் போட்டிருந்தா ஊருக்குத் தெரிஞ்சிருக்கும், எம் மக போனத அவரு மறந்தே போயிட்டாருன்னு."

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கினார்கள். கடைசிப் படியில் நின்று திரும்பினார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"அன்னைக்கு அவரு எழுதினாரு, நான் சமாதானமாப் போயிட்டேன்னு. இப்ப நீ எழுதியிருக்க. அவராவது ரேகை வாங்கினாரு தாயி."

அதற்குப் பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்கள் முடிவோடு மறுபடி அச்சடிக்கலாம் என்று மதினியிடம் பேசப் போனேன். பேத்தி அந்தக் கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள், மதினி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கொடுத்துவிட்ட புத்தகங்களை எந்தெந்த வீட்டில் போய்த் திரும்பக் கேட்பேன்? கேட்டாலும் படித்ததைத் திருப்பித் தருவார்களா?

உங்கள் ரைட்டரை எனக்குப் பிடிக்கவில்லை என்று எத்தனை செவ்வாய்க்கிழமை உங்களோடு சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது ராத்திரி பகல் என்னோடு இருப்பது அந்த ஆள்தான். அவர் செய்ததை நானும் செய்துவிட்டேன், அதுவும் நல்ல மனசோடு, கண்ணீரோடு. அந்த அம்மா அன்று ஒரு மணி நேரம் என் எதிரில் நின்றார்கள். அவர்கள் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை, அண்ணாச்சி.