தேவராஜ் செய்து கொடுத்த டம்மி லோடு

சித்தூர், ஆகஸ்ட் 1979, செவ்வாய்

ஏரியலுக்குப் பதிலாக மாட்டி டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கிற டம்மி லோடைத் திருப்பதி தேவராஜ்தான் செய்து கொடுத்தான். மாட்டினால் பாதி பவர் திரும்பி வருவதாக மீட்டர் காட்டியது. "உன் டிரான்ஸ்மிட்டர்தான்பா சரியில்ல" என்று ரேடியோவிலேயே, எங்களைப் போல பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிற ஹாம்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். மூன்று வாரம் என் கையால் கட்டிய டிரான்ஸ்மிட்டரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். இன்று அந்த டம்மி லோடை அவன் அடைத்துக் கொடுத்த எண்ணெய் டப்பாவைத் திறந்தேன். உள்ளே கம்பி சுற்றிய ரெசிஸ்டர்! ரேடியோ அலைக்கு அது ஆகவே ஆகாது; பவரைத் திருப்பி அனுப்பியது அதுதான். உடனே திருப்பதிக்கு பஸ் ஏறிப் போய் அவன் மேஜைமேல் வைத்தேன்.

"அம்பது ஓம்தானே, எதுவா இருந்தா இன்னான்னு போட்டுட்டேன். யாராண்டயும் சொல்லாதப்பா" என்றான் மெதுவாக.

"எல்லாரும் கேக்கத்தானே என்னைச் சொன்னே? எல்லாரும் கேக்கவே இதையும் சொல்லு" என்றேன். தலையாட்டினான்.

வீடு திரும்பி, ஹாம்கள் எல்லாரும் ரேடியோவில் கூடுகிற ஏழு மணிக்கு ரிசீவரைப் போட்டுக் காத்திருந்தேன். வந்தான். திருப்பதியில் நல்ல மழை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.