நான் போட்ட அம்புக்குறி

நேற்றுக் காலையில் உன் அப்பாவின் பூக்கடைக்குப் போயிருந்தேன். பூத் தொடுக்க நனைத்து வைத்திருந்த வாழைநார் காற்றில் பறக்காமலிருக்க, அதன் மேல் ஒரு கல்லை வைத்திருந்தார். பெருவிரல் தடிமனில் உருளையாகத் துளைத்தெடுத்த சிவப்புக் கல். மல்லிகைக் குவியலுக்கு நடுவில் இருந்த அதைக் குனிந்து பார்த்தேன். கல்லின் மேல் கறுப்பு மையில் ஓர் அம்புக்குறி இருந்தது. அது நீ போட்டதல்ல.

"எம்மவ மலையில எடுத்த கல்லு மக்கா. பெட்டி நெறைய கெடக்கு. ஒண்ணை மட்டும் கண்ணு முன்னால வச்சிருக்கேன்" என்றார்.

நல்லமலைக்கு நாம் போன அந்த வெயில்காலம் உனக்கு நினைவிருக்கும். ஆய்வு உன்னுடையது, நான் உன் துணைக்கு வந்த சக மாணவி. வரைபடத்தில் அந்த மலை வில் போல வளைந்து கிடக்கும். ஒரு காலத்தில் அங்கே மலையே இல்லை, பள்ளம்தான் இருந்தது. நிலம் தாழ்ந்து, கடல் புகுந்து, மண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்த பெரும் படுகை. பிறகு கிழக்கிலிருந்து வந்த நெருக்குதலில் அதன் ஒரு பகுதி மடிந்து மலையாக எழுந்தது. மிச்சம் மேற்கே படுகையாகவே கிடக்கிறது. இது பாடத்தில் உள்ளது. உன் கேள்வி வேறு. அந்த மலை வளைந்தே எழுந்ததா, நேராக எழுந்து பிற்பாடு வளைந்ததா?

இதே கடையில், உன் அப்பாவின் ஈரத்துண்டை மேசையில் விரித்து நீ அவருக்கு விளக்கினாய். வட்டக் கூடையில் முட்டும்படி துண்டைத் தள்ளியபோது மடிப்பு கூடையைச் சுற்றி வளைந்தே எழுந்தது. அடுத்து, நேராக மடித்துவிட்டு இரு முனைகளையும் பிடித்து வளைத்தாய்.

"பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றார் அவர்.

"ஆமாப்பா. மடிக்கிறதுக்கு முன்னாலயே துண்டு பூரா வடக்க பாத்து கோடு போட்டிருந்தா கண்டுபிடிச்சிரலாம். பொறவு வளைச்சிருந்தா கோடெல்லாம் விசிறி மாதிரி திரும்பியிருக்கும்."

மலையில் அந்தக் கோடுகளை, அன்றைய சேற்றில் இருந்த இரும்புத் துகள்கள் போட்டு வைத்திருந்தன. படியும்போது வடக்கு பார்த்துப் படிந்து, அப்படியே கல்லாக இறுகிவிட்டன. நாம் செய்ய வேண்டியது கல்லைத் துளைத்தெடுத்து, அது பாறையில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறிப்பதுதான். வெளிமுகத்திலிருந்து பாறைக்குள் போகும்படி அம்பு போட வேண்டும். மலையின் வடமுனையில் உனக்குக் காய்ச்சல் வந்த அன்று நான் தனியாகப் போனேன். எனக்குத் தெரியாததா என்ற மெத்தனம். அன்றைக்கு எத்தனை கல்லில் என்று தெரியாது, அம்பைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன்.

முடிவு அழகாக வந்தது. வடமுனைக் கற்கள் திரும்பியிருந்தன. மலை பிற்பாடுதான் வளைந்தது என்று எழுதினாய். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள், வேலைக்கும் அழைப்பு வந்தது. அப்போதுதான் மிஞ்சிய துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாய். வெயிலும் மழையும் பட்ட வெளிமுகத்தில் பழுப்பாக ஒரு தோல் இருக்குமே, அம்பின் முனை அந்தத் தோலைப் பார்த்து நின்றது.

"ரெண்டு மூணு கல்லுதானே, விடுட்டி" என்றேன். அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"எத்தனை கல்லுன்னு எப்படி சொல்லுத? அன்னைக்கு எடுத்த மத்த கல்லை எல்லாம் அளக்கிறதுக்கு வெட்டியாச்சு, தோலே இல்ல" என்றாய்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றாய். ஆய்வு வழிகாட்டி நம் இருவரையும் நிற்க வைத்து, கோடு போட்டது யார் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "நான்தான் சார்" என்றாய். வெளியே வந்ததும், "உன் ஆய்வு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. நிப்பாட்டிருவாரு. பொறவு சொல்லிக்கிடலாம்" என்றாய். அந்தப் 'பொறவு' எனக்கு வெகு வசதியாகப் போயிற்று. உன் வேலை போனது. வடமுனைக்குத் திரும்பிப் போய்ப் புதிதாகக் கல்லெடுக்க நினைத்திருந்தாய். அதற்குள் நோய் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. கேள்வி அப்படியே நிற்கிறது.

நேற்று உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொடுத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. கடைக்கு வந்த பெண்ணிடம், "கொஞ்சம் பொறு தாயி" என்றார்.

"அப்பம் அவ தப்பு பண்ணலியா?"

"இல்லப்பா. நான்தான்."

"அவளை ஏசியிருக்கேனே மக்கா. ஒரு கோடு ஒழுங்கா போடத் தெரியலியே, நீ படிச்சு என்னத்தைக் கிழிச்சன்னு கேட்டிருக்கேன். வாயைத் தொறக்கலியே அவ."

அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு போட்ட கோடு?"

"நான் போட்டது."

அதை எடுத்து, ஈரத்தைத் துண்டில் துடைத்து, என் கையில் வைத்தார். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தார். "இது அவ போட்டதான்னு பாத்துச் சொல்லு." திருப்பிப் பார்த்தேன். பழுப்புத் தோலில் தொடங்கிய அம்பு உள்ளே போயிற்று. உன் கோடு, கை நடுங்காத கோடு.

"ஆமாப்பா. அவதான்."

அதை வாங்கி நாரின் மேல் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடுக்க ஆரம்பித்தார். என் கல் என் பையில் இருக்கிறது. வடமுனைக்குப் போகிறேன். துளைக்கும் ஒவ்வொரு கல்லிலும் அம்பு போடுவதற்கு முன் இதை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.